ஒன்பது பட்டங்கள் வென்ற குறுந்தட ஓட்டுநர் ரிச்சி எவன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்சி எவன்ஸ் யார்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்னும் சிறு நகரத்தைச் சேர்ந்த கார் பந்தய ஓட்டுநர். அமெரிக்கக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் மாடிஃபைடு பிரிவில் 1973ஆம் ஆண்டிலும், பிறகு 1978 முதல் 1985 வரை இடைவெளியே இல்லாமல் எட்டு ஆண்டுகளும், ஆக ஒன்பது முறை தேசியப் பட்டம் வென்றவர். கனடாவின் கியூபெக் முதல் தெற்கே ஃபுளோரிடா வரை பரவிக்கிடந்த சின்னஞ்சிறு தடங்களில் நானூறுக்கும் மேற்பட்ட முதன்மைப் பந்தயங்களில் முதலாவதாக வந்தவர். ஆரஞ்சு நிறத்தில் 61 என்ற எண்ணைத் தாங்கிய அவருடைய கார், அந்தக் காலத்து வடகிழக்கு அமெரிக்க ரசிகர்களுக்கு ஆளைப் பார்க்காமலேயே அடையாளம் தெரிந்துவிடும் கார். ஊர்ப் பெயரை ஒட்டி அவரை ‘ரேப்பிட் ரோமன்’, அதாவது விரைவு ரோமானியன், என்று அழைத்தார்கள்.

நாஸ்கார் என்றதும் தொலைக்காட்சியில் வரும் டேடோனா போன்ற பெருந்தடங்களே நினைவுக்கு வருவதால், உலகின் பல பகுதிகளில் கார் பந்தயம் பார்க்கிறவர்கள்கூட இவர் பெயரை அறிந்திருக்கமாட்டார்கள். அந்தக் குறையைச் சற்றேனும் போக்குவதற்காகவே இந்தப் பக்கம் எழுதப்படுகிறது.

குறுந்தடம் என்றால் என்ன?

ஒரு சுற்றின் நீளம் ஒரு மைலுக்கு, அதாவது சுமார் 1.6 கிலோமீட்டருக்குக் குறைவாக உள்ள நீள்வட்டத் தடத்தைக் குறுந்தடம் என்கிறார்கள். பெரும்பாலானவை அரை மைலோ அதைவிடக் குறைவோதான். கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாஃபர்ட் தடம் அரை மைல். அதே மாநிலத்தின் தாம்ப்சன் தடம் 0.625 மைல், வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் 0.526 மைல். சிலவற்றில் தார்த்தளம், சிலவற்றில் வெறும் மண்தளம். மார்ட்டின்ஸ்வில்லில் நேர்ப்பாதைகளுக்குத் தாரும் திருப்பங்களுக்குக் கான்கிரீட்டும் போட்டிருக்கிறார்கள்.

இந்தத் தடங்களில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகமெல்லாம் கிடையாது. ஆனால் ஒரு சுற்று இருபது வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த இருபது வினாடிக்குள் இரண்டு முறை முழு வேகம் எடுத்து, இரண்டு முறை பிரேக் மிதித்து, இரண்டு திருப்பங்களைக் கடந்தாக வேண்டும். சுற்றிலும் இருபது முப்பது கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரும். ஓட்டுநருக்கு மூச்சு விடுவதற்கென்று ஒரு நீண்ட நேர்ப்பாதை இங்கே இல்லை.

மாடிஃபைடு கார் எப்படி இருக்கும்?

பெயருக்கு ஏற்பவே அது மாற்றியமைக்கப்பட்ட கார். நாஸ்காரின் மிகப் பழைய பிரிவும் இதுதான். 1948 பிப்ரவரியில் டேடோனா கடற்கரையில் நடந்த நாஸ்காரின் முதல் பந்தயமே மாடிஃபைடு பந்தயம்தான். அதில் ரெட் பைரன் வென்றார், அந்த ஆண்டின் பட்டத்தையும் அவரே பெற்றார். இன்று உச்சப் பிரிவாக இருக்கும் கப் பந்தயங்களின் மூல வடிவம் அதற்கு அடுத்த ஆண்டுதான் தொடங்கியது.

தொடக்கத்தில் பழைய கார்களை வாங்கி, மட்கார்டுகளை வெட்டியெறிந்து, என்ஜினைப் பலப்படுத்தி ஓட்டினார்கள். எவன்ஸின் காலத்துக்கு வரும்போது சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம் முழுவதும் பட்டறையில் குழாய்களையும் சட்டங்களையும் கொண்டு கட்டப்பட்டது. அதன்மேல் பின்டோ, வேகா போன்ற சிறிய கார்களின் உடற்கூட்டைக் கவிழ்த்தார்கள். சக்கரங்கள் நான்கும் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டயர்கள் மிக அகலமானவை. எடை குறைவு, வி-8 என்ஜினின் சக்தி மிக அதிகம். தரையோடு தரையாகப் பதுங்கிய அதன் தோற்றத்தைப் பார்த்தாலே இது சாலைக்கான வண்டி அல்ல என்பது சிறு பிள்ளைக்கும் புரியும்.

அவர் பந்தயத்துக்கு எப்படி வந்தார்?

1941 ஜூலை 23 அன்று பிறந்த எவன்ஸ், ரோமுக்கு அருகிலுள்ள வெஸ்டர்ன்வில் என்ற ஊரில் ஒரு பண்ணையில் வளர்ந்தார். பதினாறு வயதில் பண்ணை வேலையை விட்டுவிட்டு உள்ளூர் கார் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். முதலில் தெருவில் போட்டி போட்டு ஓட்டினார். பிறகு இரண்டு கார்கள் நேர்கோட்டில் பக்கம் பக்கமாகப் போட்டி போட்டு ஓடும் டிராக் (drag) பந்தயங்களுக்குப் போனார். அங்கே அவர் ஓட்டுவதைக் கண்ட ஒருவர், பக்கத்திலேயே இருக்கும் யூட்டிகா-ரோம் தடத்துக்கு ஒரு கார் கட்டினால் என்ன என்று சொல்ல, 1962இல் ஒரு 1954 மாடல் ஃபோர்டைத் தயார் செய்து ஹாபி ஸ்டாக் என்ற தொடக்கநிலைப் பிரிவில் இறங்கினார்.

அந்த முதல் காருக்கு அவர் இட்ட எண் பிடி-109. அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஜான் எஃப். கென்னடி, இரண்டாம் உலகப்போரில் தலைமையேற்றுச் சென்ற டார்பிடோ படகின் எண் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1965இல் மாடிஃபைடு பிரிவுக்கு ஏறினார். அந்தப் பந்தயப் பருவத்தின் கடைசி இரவில்தான் அதில் முதல் வெற்றி கிடைத்தது. பருவம் முழுவதும் தோற்றுக்கொண்டே இருந்த ஓர் இளைஞர், கடைசி இரவு வரை காரைத் தடத்துக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தார் என்பதை நான் அவருடைய பிற்காலப் பட்டங்களுக்கு நிகராக வைத்துப் பார்க்கிறேன்.

முதல் தேசியப் பட்டம் அதற்கும் எட்டு ஆண்டுகள் தள்ளி வந்தது. அப்போது அவருக்கு வயது 32.

ரோம் நகரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1971 முதல் 1985 வரை பதினைந்து ஆண்டுகள் மாடிஃபைடு தேசியப் பட்டம் ரோம் நகரத்தை விட்டு வெளியே போகவே இல்லை. ஒன்பது எவன்ஸுக்கு, மீதி ஆறும் (1971, 1972, 1974, 1975, 1976, 1977) அதே ஊர்க்காரரான ஜெர்ரி குக்குக்கு. எரி கால்வாயை வெட்டும் பணி 1817இல் தொடங்கிய இடம், செம்புத் தொழிற்சாலைகளின் ஊர், அருகில் கிரிஃபிஸ் விமானப்படைத் தளம் என்று ஏற்கெனவே அறியப்பட்டிருந்த அந்த நகரம், இந்த இருவரால் பந்தய உலகில் வேறொரு பெயர் பெற்றது.

இருவரும் இரு வகை. குக் கணக்குப் போட்டு ஓட்டுகிறவர் என்றும், காரைச் சேதமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பட்டத்தை எட்டுகிறவர் என்றும் சொல்வார்கள். எவன்ஸ் வெற்றிக்காகவே ஓட்டியவர். கொண்டாட்டத்திலும் குறை வைக்காதவர். பந்தயம் முடிந்த பிறகு அவருடைய பட்டறையைச் சுற்றிக் கூட்டம் கலையாது. ஆனால் மறுநாள் காலையில் காருக்கு அடியில் முதலில் படுத்திருப்பவரும் அவர்தான் என்பதை அவரோடு வேலை செய்தவர்கள் மறக்காமல் சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரே ஊரில், கண்ணெதிரே, தன்னைவிட அதிகப் பட்டங்களோடு ஒருவர் நடமாடிக்கொண்டிருந்ததால்தான் எவன்ஸ் இத்தனை உயரம் போனார். குக் பிற்காலத்தில் நாஸ்கார் நிர்வாகத்தில் சேர்ந்தார். 2016இல் நாஸ்கார் புகழ்க்கூடத்திலும் இடம்பெற்றார்.

ஒரு குறுந்தட ஓட்டுநரின் வாரம் எப்படிப் போகும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய எண்ணிக்கைகளைப் புரிந்துகொள்ள முடியாது. 1985க்கு முன் மாடிஃபைடு தேசியப் பட்டத்துக்கென்று இத்தனை பந்தயங்கள்தான் என்ற நிலையான அட்டவணை இல்லை. நாஸ்காரின் அங்கீகாரம் பெற்ற தடங்கள் பல. ஒவ்வொன்றிலும் வாரந்தோறும் பந்தயம் நடக்கும். எங்கே ஓடினாலும் புள்ளி கிடைக்கும். ஆகவே பட்டம் வேண்டுமென்றால் எவ்வளவு அதிகமாக ஓட முடியுமோ அவ்வளவு ஓட வேண்டும். வெள்ளி இரவு ஒரு தடம், சனி இரவு வேறொன்று, ஞாயிறு மூன்றாவது. நடுவில் வார நாளில் ஒரு சிறப்புப் பந்தயம் வந்தால் அதுவும். ரோமிலிருந்து மார்ட்டின்ஸ்வில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பிப்ரவரியில் வடக்கே பனி மூடிக்கிடக்கும்போது, ஃபுளோரிடாவின் நியூ ஸ்மர்னா தடத்தில் ஒரு வாரத்துக்கும் மேலாக இரவுதோறும் பந்தயங்கள் நடக்கும். அங்கே போக மார்ட்டின்ஸ்வில்லைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம்.

பந்தயம் முடிய நள்ளிரவு ஆகிவிடும். காரை லாரியில் ஏற்றி, விடியும்வரை ஓட்டி, பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் வளைந்த பாகங்களை நிமிர்த்த வேண்டும், கியர்களை மாற்ற வேண்டும், அடுத்த தடத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்குகளைப் பூட்ட வேண்டும். பில்லி நாசெவிச் என்ற தலைமை மெக்கானிக் எவன்ஸோடு நெடுங்காலம் நின்றார். அவரைச் சுற்றி, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உதவும் உள்ளூர் இளைஞர்கள் இருந்தார்கள். பெரிய நிறுவனமோ பல தளங்கள் கொண்ட தொழிற்கூடமோ பின்னால் இல்லை. பரிசுப்பணம் வந்தால்தான் அடுத்த டயர்.

இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கைக்கு நடுவேதான் 1979ஆம் ஆண்டின் கணக்கு வருகிறது: நாஸ்கார் புள்ளிக்குரிய 60 பந்தயங்களில் ஓடி, 37இல் வென்றார்.

இடப்பக்கம் மட்டுமே திரும்பும் பந்தயத்தில் என்ன திறமை வேண்டியிருக்கிறது?

இந்தத் தடங்களை எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றி வருவதால் மிகவும் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. பதிலை டயரிலிருந்து தொடங்கலாம்.

கார் ஒரு முழுச் சுற்று வரும்போது வலப்பக்கச் சக்கரங்கள் வெளிவட்டத்திலும் இடப்பக்கச் சக்கரங்கள் உள்வட்டத்திலும் ஓடுகின்றன. இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.6 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் வலப்பக்கச் சக்கரம் ஏறத்தாழ பத்து மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். 200 சுற்றுப் பந்தயத்தில் அது இரண்டு கிலோமீட்டர். சாலையில் ஓடும் காரில் இந்த வேறுபாட்டைச் சமாளிக்க டிஃபரென்ஷியல் இருக்கிறது. இந்தக் காரிலோ பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. அதனால் வலப்பக்கப் பின்டயரையே சற்றுப் பெரியதாகப் போடுகிறார்கள். சுற்றளவில் ஐந்தாறு சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு கூம்பை மேசையில் உருட்டிவிட்டால் அது நேராகப் போகாமல் தானாக வளைந்து போகும் அல்லவா, அந்தத் தத்துவமேதான்.

இப்போது அந்தக் காட்சியை நெருங்கிப் பாருங்கள். பந்தயத்துக்கு முன் ஒருவர் குந்தி உட்கார்ந்து, டயரைச் சுற்றி அளவு நாடாவை இழுத்துப் பிடித்து, எண்ணைச் சுண்ணக்கட்டியால் டயர் மேலேயே எழுதுகிறார். அடுத்த டயர், அடுத்த எண். ஒரே வார்ப்பில் உருவானதாகச் சொல்லப்படும் டயர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. காற்றைச் சற்று ஏற்றினால் சுற்றளவு மாறும். ஓடிச் சூடேறினால் மறுபடியும் மாறும். வித்தியாசம் அதிகமாகிவிட்டால் திருப்பத்தில் காரின் பின்பகுதி வழுக்கி வெளியே வரும். குறைந்துவிட்டால் முன்பகுதி திரும்ப மறுத்துச் சுவரை நோக்கிப் போகும். இதோடு, காரின் எடையில் பெரும்பங்கை இடப்பக்கம் தள்ளி வைப்பது, ஒவ்வொரு மூலையின் ஸ்பிரிங்கிலும் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று பார்ப்பது, இரவு குளிரக் குளிரத் தளத்தின் பிடிப்பு மாறுவதை முன்கூட்டியே ஊகிப்பது எல்லாம் சேர்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன்பே பந்தயத்தின் பாதி இப்படி முடிந்துவிடுகிறது. எவன்ஸ் பட்டறையிலிருந்து வந்தவர் என்பதால், கார் சொல்வதை இருக்கையில் உட்கார்ந்தபடி உணர்ந்து, எதை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று தானே சொல்லவும் தானே செய்யவும் அவரால் முடிந்தது.

மூன்று சக்கரத்தில் பந்தயம் வென்றார் என்பது உண்மையா?

உண்மை. 1981 வசந்தத்தில் மார்ட்டின்ஸ்வில்லில் நடந்த பந்தயம். கடைசிச் சுற்றில் எவன்ஸும் ஜெஃப் போடைனும் முதலிடத்துக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். கடைசித் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது இரண்டு கார்களும் பின்னிக்கொண்டன. எவன்ஸின் கார் சுவரில் ஏறி, முன்சக்கரம் ஒன்று பிய்ந்துபோய், நசுங்கிய முன்பகுதியோடு சறுக்கிக்கொண்டே முதலாவதாகக் கோட்டைத் தாண்டியது.

போடைன் சாதாரண ஆள் அல்ல. 1978இல் ஒரே ஆண்டில் 55 மாடிஃபைடு பந்தயங்களில் வென்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியவர். பின்னாளில் கப் பிரிவுக்குப் போய் 1986ஆம் ஆண்டின் டேடோனா 500 பந்தயத்தில் வென்றார். எவன்ஸ் யாரோடு மோதி ஒன்பது பட்டங்கள் எடுத்தார் என்பதற்கு இந்த ஒரு பெயரே போதும்.

அவர் ஏன் கப் பிரிவுக்குச் செல்லவில்லை?

போடைன் சென்றார், மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரான் பூஷார்ட் சென்று, 1981இல் டல்லடேகா தடத்தில் வென்றும் காட்டினார். ஆகவே மாடிஃபைடிலிருந்து மேலே போகும் வழி அடைபட்டிருக்கவில்லை. எவன்ஸுக்கோ ரோமில் சொந்தப் பட்டறை, சொந்தக் கார், தன் சொல்லுக்கு இயங்கும் குழு, வாரம் மூன்று இரவு பந்தயம் எல்லாம் இருந்தன. கப் பிரிவில் புதியவராக நுழைந்தால் பிறருடைய காரில், பிறருடைய திட்டத்தில், வெல்லும் வாய்ப்புக் குறைந்த நிலையில் ஆண்டுக்குச் சுமார் முப்பது பந்தயங்களே ஓட வேண்டியிருந்திருக்கும்.

‘மேலே போகவில்லை’ என்ற சொல்லாட்சியையே நான் ஏற்பதில்லை. குறுந்தடத்தைப் படிக்கட்டாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது குறையாகத் தெரியும். எவன்ஸ் அதை வீடாகக் கொண்டவர். வாராவாரம் அதே மேடைகளில், அதே குடும்பங்களுக்கு முன், தன்னைத் தோற்கடிப்பதற்காகவே கார் கட்டி வரும் உள்ளூர்க்காரர்களை அவரவர் தடத்திலேயே வெல்வது எந்த வகையிலும் சிறிய வேலை அல்ல.

1985இல் என்ன மாறியது?

ஓயாத பயணமும் செலவும் எல்லோரையும் வாட்டியதால், அந்த ஆண்டு முதல் நாஸ்கார் மாடிஃபைடு பிரிவை நிலையான அட்டவணை கொண்ட தொடராக மாற்றியது. சிறந்த ஓட்டுநர்கள் அனைவரும் அதே பந்தயங்களில் நேருக்கு நேர் மோதியாக வேண்டும். கூடுதலாக ஓடிப் புள்ளி சேர்க்கும் வழி மூடப்பட்டது. பழைய முறையால்தான் எவன்ஸ் வென்றுகொண்டிருந்தார் என்று நினைத்திருக்கக்கூடியவர்களுக்கு அந்த ஆண்டே விடை கிடைத்தது. தாம்ப்சனில் நடந்த நான்கையும் சேர்த்து 12 பந்தயங்களில் வென்று, கடைசிப் பந்தயத்துக்கு முன்பே பட்டத்தை உறுதி செய்துகொண்டார்.

அவர் எப்படி இறந்தார்?

1985 அக்டோபர் 24 அன்று, மார்ட்டின்ஸ்வில்லில், பருவத்தின் இறுதிப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது. பட்டம் ஏற்கெனவே அவருடையதாகிவிட்டிருந்தது. மூன்றாம் திருப்பத்தில் (தடத்தின் ஒவ்வொரு முனையையும் இரண்டு திருப்பங்களாக எண்ணுவார்கள்) கார் திரும்பாமல் சுவரில் மோதியது. அவருக்கு வயது 44.

அந்தக் காலத்து மாடிஃபைடு சேஸிஸ்கள் மிக உறுதியாக, வளையாத நேர்ச்சட்டங்களால் கட்டப்பட்டிருந்தன. உறுதியே பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் நேருக்கு நேராகச் சுவரில் மோதும்போது, மடங்க வேண்டிய இரும்பு மடங்காவிட்டால் மோதலின் விசை முழுவதும் ஓட்டுநரின் உடலுக்கே வந்து சேர்கிறது. 1987இல் அதே மார்ட்டின்ஸ்வில்லில் சார்லி ஜார்சோம்பெக்கும், அதே ஆண்டு தாம்ப்சனில் கார்க்கி குக்மனும் இறந்த பிறகு, முன்பகுதி மடங்கி அடியை உள்வாங்கும் விதமாகச் சேஸிஸ் கட்டும் முறை மாறியது. தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடிக்கும் கருவிகள் நாஸ்காரின் உச்சப் பிரிவுகளில் கட்டாயமானது 2001இல்தான். எவன்ஸ் பட்டறையில் தன் கையால் அத்தனை நுணுக்கமாகக் கார்களைக் கட்டியவர் என்பதை நினைக்கும்போது, இந்த அறிவு சில ஆண்டுகள் முந்தி வந்திருக்கக்கூடாதா என்று மனம் கனக்கிறது.

அவருடைய சாதனையை யாராவது எட்டினார்களா?

மாடிஃபைடு பிரிவில் ஒன்பது பட்டங்களை இன்றுவரை எவரும் எட்டவில்லை. மாசசூசெட்ஸைச் சேர்ந்த மைக் ஸ்டெஃபானிக் ஏழு மாடிஃபைடு பட்டங்களோடு, 1997, 1998 ஆண்டுகளில் நாஸ்காரின் மற்றொரு தொடரான புஷ் நார்த்தின் பட்டங்களையும் வென்று, நாஸ்கார் பட்டங்களின் மொத்த எண்ணிக்கையில் எவன்ஸுக்குச் சமமானார். ஒரே ஆண்டில் இரண்டு தொடர்களிலும் பட்டம் பெறுவதை அவர் இரண்டு முறை செய்திருக்கிறார். அது தனியாகப் பேசத் தகுந்த சாதனை.

கப் பிரிவில் ரிச்சர்ட் பெட்டி என்ற ஓட்டுநர் பெற்ற 200 வெற்றிகளோடு எவன்ஸின் நானூறு சொச்சத்தை ஒப்பிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. தடமும் காரும் போட்டியாளர்களும் வேறு. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்ப்பதே இருவருக்கும் செய்யும் மரியாதை.

என்னென்ன சிறப்புகள் அவருக்குக் கிடைத்தன?

நாஸ்காரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1998இல் வெளியான மிகச் சிறந்த ஐம்பது ஓட்டுநர்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். 2003இல் மாடிஃபைடு வரலாற்றின் தலைசிறந்த பத்து ஓட்டுநர்களுக்காக நடந்த வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றார். 2012 ஜனவரியில் கேல் யார்பரோ, டாரல் வால்ட்ரிப், டேல் இன்மன், கிளென் வுட் ஆகியோரோடு நாஸ்கார் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். அந்தக் கூடம் திறக்கப்பட்டு மூன்றாவது அணியிலேயே, கப் பந்தயங்களால் பெயர் பெறாத ஒரு குறுந்தட ஓட்டுநர் உள்ளே நுழைந்தது, வடகிழக்கு மாநிலங்களின் சிறு தடங்களில் பெரும் மகிழ்ச்சியை உண்டாக்கியது.

61 என்ற எண் இப்போது யாரிடம் இருக்கிறது?

மாடிஃபைடு தொடரில் யாரிடமும் இல்லை. அவர் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றதை ஒட்டி நாஸ்கார் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. வேறு எந்த ஓட்டுநருக்கும் அதை ஒதுக்குவதில்லை. நியூ ஸ்மர்னாவில் பிப்ரவரி மாதப் பந்தயங்களில் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நடந்துவருகிறது.